மனநல சிகிச்சையில் முடிவு யாருடையது? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எந்த அரசு மருத்துவமனையின் மனநல ஓ.பி.யிலும் ஒரு காலை நேரம் போய் உட்கார்ந்து பாருங்கள். ஒருவர் பெயரைக் கூப்பிடுவார்கள். அவர் எழுந்து போவார், கூடவே அம்மாவோ மனைவியோ தம்பியோ போவார். "எப்படி இருக்கார்? தூங்குறாரா? மாத்திரை ஒழுங்கா போடுறாரா?" என்று டாக்டர் கேட்பார். கூட வந்தவர் பதில் சொல்வார். நோட்டில் நாலு வரி, மருந்துச் சீட்டு, அடுத்த மாதத் தேதி. வெளியே வந்துவிடுவார்கள். யாருக்காக வந்தார்களோ அவர் வாயைத் திறந்திருக்கவே மாட்டார்.

எங்கள் வீட்டில் ஆறு வருடம் இப்படித்தான் ஓடியது. என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா). அண்ணன் தையல்காரர். அந்த ஆறு வருடமும் டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னது அம்மாவும் நானும்தான். ஒருநாள் வழக்கமான டாக்டர் இல்லை, புதிதாக ஒரு பெண் டாக்டர் இருந்தார். என்னைக் கையமர்த்திவிட்டு அண்ணனைப் பார்த்து, "இந்த மாத்திரையால உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டார். அண்ணன் கையை மேசைமேல் நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கின. "ஊசியில நூல் கோர்க்க முடியல மேடம். அதான் வேலையை விட்டேன்" என்றார். வேலையை விட்டதற்குச் சோம்பல்தான் காரணம் என்று நாங்கள் மூன்று வருடம் திட்டிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு மருந்தை மாற்றி எழுதினார்கள். சில வாரத்தில் நடுக்கம் குறைந்தது.

நாங்கள் தாமதமாகக் கற்றுக்கொண்டதை நீங்கள் முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். சிகிச்சை எடுத்துக்கொள்பவருக்கும், அவர் கூடவே இருக்கும் வீட்டாருக்கும் சேர்த்தே சொல்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் இந்தியாவுக்குப் பொருந்தும்.

முதலில் ஒரு எண்ணத்தை மாற்ற வேண்டும்

மனநோய் வந்துவிட்டால் முடிவெடுக்கும் தகுதி போய்விடும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 4-ஆம் பிரிவு, சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் திறன் ஒருவருக்கு இருக்கிறதா என்று பார்க்க மூன்று விஷயங்களைச் சொல்கிறது: சொல்லப்படும் தகவலைப் புரிந்துகொள்வது, எடுக்கும் முடிவால் என்ன ஆகும் என்று உணர்வது, முடிவைப் பேச்சாலோ சைகையாலோ வேறு எந்த வழியிலோ தெரிவிப்பது. தகவலை அவருக்குப் புரிகிற எளிய மொழியில் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் சைகை மொழியிலோ படம் காட்டியோ சொல்ல வேண்டும்.

அதே பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது. அதை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதி வைக்கலாம். ஒருவர் எடுக்கும் முடிவு மற்றவர்களுக்குத் தப்பாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. "இந்த மாத்திரை வேண்டாம்" என்று அண்ணன் சொன்னால் அதை நோயின் அடையாளம் என்று நாம் எடுத்துக்கொள்வோம். அதே வார்த்தையைச் சர்க்கரை நோய் இருக்கும் மாமா சொன்னால், "ஏன், ஒத்துக்கலையா?" என்று கேட்போம். அண்ணனிடமும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

திறன் ஏறும், இறங்கும். நோய் முற்றிய வாரத்தில் பேசவே முடியாதவர், பதினைந்து நாள் கழித்துத் தெளிவாகப் பேசுவார். அதனால் முக்கியமான பேச்சையெல்லாம் நல்ல நாளில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லியிருக்கும் படிகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய நாள்

ஓ.பி.யில் கிடைப்பது சில நிமிடங்கள்தான். டாக்டர் மேல் குறை சொல்லிப் பயனில்லை, வெளியே அத்தனை பேர் நிற்கிறார்கள். அந்தச் சில நிமிடத்துக்கு நாம் தயாராகப் போக வேண்டும்.

முந்தைய நாள் மாலை, டீ குடித்துவிட்டு, ஒரு காகிதத்தை எடுங்கள். சிகிச்சை எடுப்பவர் தன் கையால் எழுதினால் நல்லது. கை நடுங்கினாலோ எழுத வராவிட்டாலோ அவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதலாம். சொல்லும் வார்த்தையை மட்டும் மாற்றக் கூடாது. "மண்டைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு" என்று அவர் சொன்னால் அப்படியே எழுதுங்கள். அதை "சோர்வு" என்று நீங்கள் சுருக்கினால் பாதி விஷயம் போய்விடும்.

மூன்று விஷயங்கள் இருந்தால் போதும். போன தடவைக்குப் பிறகு என்ன மாறியது, மருந்தால் என்ன தொந்தரவு, இந்தத் தடவை எனக்கு என்ன வேண்டும். மூன்றாவதுதான் கஷ்டமானது. வருடக்கணக்கில் யாரும் கேட்காமல் இருந்த மனிதரிடம் "உனக்கு என்ன வேணும்?" என்று திடீரென்று கேட்டால் "ஒண்ணும் வேணாம்" என்றுதான் பதில் வரும். விட்டுவிடாதீர்கள், அடுத்த மாதமும் கேளுங்கள். அண்ணனிடமிருந்து முதல் பதில் வர நாலு மாதம் ஆனது. "காலையில ஒன்பது மணிக்குக் கடை திறக்கிறப்ப முழிச்சிருக்கணும்" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வரியை வைத்துத்தான் டாக்டர் ராத்திரி மாத்திரையைச் சீக்கிரமே போடும்படி நேரத்தை மாற்றினார்.

அறைக்குள்ளே

கூடப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவரை டாக்டருக்கு நேர் எதிரே உட்காரவையுங்கள், நீங்கள் பக்கவாட்டிலோ பின்னாலோ உட்காருங்கள். கேள்வி உங்களைப் பார்த்து வந்தால், "அவரையே கேளுங்க டாக்டர், விட்டுப்போனதை நான் அப்புறம் சொல்றேன்" என்று சொல்லிவிடுங்கள். முதல் தடவை சங்கடமாக இருக்கும். அவர் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்வார், அந்த மௌனத்தை நிரப்பத் தோன்றும். வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் நம் வேலை. நீங்கள் பார்த்தது அவர் சொல்வதிலிருந்து மாறுபட்டால் அவர் முன்னாலேயே சொல்லுங்கள். அவர் வெளியே போனபிறகு ரகசியமாகச் சொல்லத் தொடங்கினால், டாக்டரும் வீட்டாரும் சேர்ந்து தனக்கு எதிராக ஏதோ செய்கிறார்கள் என்ற சந்தேகத்துக்கு நாமே தீனி போட்டது போல ஆகும்.

மாறாக, அவர் டாக்டரிடம் தனியாகப் பேச விரும்பினால் நீங்கள் எழுந்து வெளியே போய்விடுங்கள். தன் நோய் பற்றிய விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்பது சட்டப்படி அவருடைய உரிமை.

மருந்து எழுதும்போது அவர் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: இது எதற்கு? எத்தனை நாளில் தெரியும்? என்ன தொந்தரவு வரலாம்? வேறு வழி இருக்கிறதா? நோய் என்ன, சிகிச்சைத் திட்டம் என்ன, பக்கவிளைவு என்ன என்பதையெல்லாம் அவருக்குப் புரியும் மொழியில் தெரிந்துகொள்ளும் உரிமையை 22-ஆம் பிரிவு தருகிறது. சில மருந்துகளில் இந்தக் கேள்விகளுக்குக் கூடுதல் எடை உண்டு. ஒலான்சபின் பலருக்கு உடல் எடையை ஏற்றும். குளோசபின் எடுத்தால் ரத்த வெள்ளணுக்களைப் பார்க்க அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், தொடக்க மாதங்களில் வாரா வாரம். லித்தியம் எடுப்பவர்களும் ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதெல்லாம் அலைச்சல், கூலி இழப்பு, பஸ் செலவு. இதை ஏற்கலாமா என்று அலையப் போகிறவரிடம்தானே கேட்க வேண்டும்?

பெண்களுக்குத் தனியாக ஒன்று. வால்ப்ரோயேட் என்ற மருந்து கருவில் இருக்கும் குழந்தைக்குக் கடுமையான பாதிப்பை உண்டாக்கக்கூடியது. குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு அதை எழுதினால் அந்தப் பெண்ணிடமே நேராகச் சொல்ல வேண்டும். கணவர் தலையாட்டுவதும் மாமியார் "சரி" என்பதும் அவருடைய சம்மதம் ஆகாது. யாரும் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். அதேசமயம், இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்ப வரலாம். மாற்றுவதானால் டாக்டரோடு பேசித்தான் மாற்ற வேண்டும்.

சாப்பாட்டில் கலந்து கொடுப்பது

இதைப் பற்றி யாரும் வெளியே பேசுவதில்லை. ஆனால் காத்திருப்பு பெஞ்சில் உட்கார்ந்தால் இரண்டாவது கேள்வியே இதுதான்: "நீங்க எதுல கலந்து குடுக்குறீங்க?"

அம்மா தயிர்சாதத்தில் கலந்தார். மாத்திரையை நுணுக்கி, உப்போடு சேர்த்து. நான்தான் நுணுக்கிக் கொடுப்பேன். ஐந்து மாதம் நன்றாகத்தான் இருந்தது, தூக்கம் வந்தது, சத்தம் குறைந்தது. ஒரு மத்தியானம் அண்ணன் சாதத்தைப் பிசைந்துகொண்டே நிறுத்தினார். கரையாத ஒரு வெள்ளைத் துணுக்கு விரல் நுனியில் ஒட்டியிருந்தது. அதை அம்மா பக்கம் நீட்டினார், ஒன்றும் பேசவில்லை. எழுந்து கை கழுவிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு மூன்று வாரம் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. யாரோ தனக்கு விஷம் வைக்கிறார்கள் என்று அண்ணன் முன்பு சொன்னபோது அது நோயின் சந்தேகம். அந்த மத்தியானம் அதற்கு நாங்களே ஆதாரம் கொடுத்தோம்.

பயத்தால்தான் செய்கிறோம், எனக்குத் தெரியும். ராத்திரி முழுக்கத் தூங்காமல் கத்துபவரை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வது என்று அம்மா அழுதது இன்னும் காதில் இருக்கிறது. இப்போது அந்த நிலையில் இருப்பவர்கள் இன்றே நிறுத்திவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அதுதான் முதல் வேலை. மாத்திரை வேண்டாம் என்பவரிடம் ஏன் வேண்டாம் என்று டாக்டரைக் கேட்கச் சொல்லுங்கள். அண்ணனுக்குத் தினமும் மாத்திரையைப் பார்ப்பதே பிடிக்கவில்லை, அது "நீ நோயாளி" என்று தினமும் சொல்வது போல இருந்ததாம். மாதம் ஒரு ஊசி போதுமான மருந்துகள் இருக்கின்றன என்று தெரிந்தபோது அவரே அதைத் தேர்ந்தெடுத்தார். கேட்டிருந்தால் முதல் வருடமே சொல்லியிருப்பார்.

தனக்காகப் பேச ஒருவரைத் தேர்ந்தெடுப்பது

சட்டம் இவரை நியமனப் பிரதிநிதி என்கிறது. உடம்பு சரியில்லாத நேரத்தில் சிகிச்சை முடிவுகளுக்குத் துணை நிற்பவர் இவர். யார் என்பதைச் சிகிச்சை எடுப்பவரே தீர்மானிக்கலாம். வெள்ளைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். அந்த நபர் வயதுவந்தவராக இருக்க வேண்டும், தனக்குச் சம்மதம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஒருவரையும் எழுதாவிட்டால் உறவினர், அப்புறம் பராமரிப்பவர் என்று சட்டம் ஒரு வரிசை வைத்திருக்கிறது. அந்த வரிசையில் முதலில் வந்து நிற்பவர் உங்களோடு பத்து வருடமாகப் பேசாத பெரியப்பா மகனாக இருக்கலாம். அதனால் எழுதிவிடுங்கள்.

சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பது இல்லை. நண்பரை எழுதலாம். அண்ணன் என்னை எழுதினார், அம்மாவை எழுதவில்லை. அம்மாவுக்கு வருத்தம்தான். "அம்மா அழுதா எனக்கு முடிவெடுக்க வராது" என்று அண்ணன் சொன்ன காரணம் சரியானது.

பிரதிநிதியாக இருப்பவர்களே, உங்கள் விருப்பத்தைச் சொல்ல உங்களை நியமிக்கவில்லை. அவர் இப்போது என்ன சொல்கிறார், நன்றாக இருந்தபோது என்ன சொன்னார், அவர் வாழ்ந்த விதம் என்ன என்று பார்த்து அதன்படி நடக்க வேண்டும் என்றுதான் 17-ஆம் பிரிவு சொல்கிறது.

முன்கூட்டியே எழுதி வைப்பது

அட்வான்ஸ் டைரக்டிவ் என்றால்தான் மருத்துவமனையில் புரியும். தமிழில் முன்கூட்டிய அறிவுறுத்தல். பிற்பாடு முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் எனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், என் பிரதிநிதி யார் என்று நன்றாக இருக்கும்போதே எழுதி வைப்பது. 18 வயதான யாரும் எழுதலாம், ஏற்கெனவே நோய் இருந்தவர்களும் எழுதலாம். சாட்சிகள் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும், பிரதிநிதியும் போட வேண்டும். சிகிச்சை எடுப்பவர்களின் உரிமைகளைக் காக்க இந்தச் சட்டம் அமைத்த மனநல மறுஆய்வு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். படிவம் பற்றி மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமோ மாவட்ட மனநலத் திட்ட அலுவலகத்திலோ கேளுங்கள். அங்கே "அப்படின்னா என்ன?" என்று திருப்பிக் கேட்டால் சட்டத்தின் 5-ஆம் பிரிவு என்று சொல்லுங்கள்.

என்ன எழுதுவது என்று பலர் தயங்குகிறார்கள். அண்ணன் எழுதியதில் சிலவற்றை அவர் அனுமதியோடு இங்கே தருகிறேன்:

"எனக்கு முடியாமப் போகும்போது மூணு நாள் முன்னாடியே தூக்கம் போகும், ரேடியோ எனக்காகப் பேசுற மாதிரி இருக்கும். அப்பவே கூட்டிட்டுப் போங்க. ஹாலோபெரிடால் ஊசி போட்டா கழுத்து ஒரு பக்கமா இழுத்துக்குது, அது வேண்டாம். என்னை என் தங்கச்சி கூப்பிடட்டும், நாலு ஆம்பளைங்க சேர்ந்து பிடிக்க வேண்டாம். ஆட்டோவுல போறேன். கரண்ட் சிகிச்சை குடுக்கணும்னா முதல்ல எங்கிட்டயும் தங்கச்சிகிட்டயும் முழுசா விளக்கணும்."

(கரண்ட் சிகிச்சை என்பது மூளைக்கு மின்சாரம் செலுத்தும் இ.சி.டி. சிகிச்சை.) பெரிய சட்ட மொழி எதுவும் இல்லை. ஆனால் அவசரத்தில் அவரைப் பார்க்கும் புது டாக்டருக்கு இதைவிடப் பயனுள்ள காகிதம் கிடைக்காது.

இதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். அவர் தெளிவாக இருக்கும்வரை அவர் வாயால் சொல்வதுதான் செல்லும், இந்தக் காகிதம் அந்தத் தெளிவு இல்லாதபோதுதான் நடைமுறைக்கு வரும். உயிருக்கு ஆபத்தான நிலையில் தரும் அவசர சிகிச்சையை இது கட்டுப்படுத்தாது. அவசர சிகிச்சை 72 மணி நேரத்துக்குமேல் நீளக் கூடாது என்பது பொது விதி, அதில் கரண்ட் சிகிச்சை கொடுக்கவும் முடியாது. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் கரண்ட் சிகிச்சை கொடுப்பது எந்த நிலையிலும் தடை. எழுதி வைத்ததை டாக்டரோ வீட்டாரோ ஏற்க முடியாது என்று நினைத்தால் அவர்கள் வாரியத்திடம்தான் போக வேண்டும், தாங்களாகத் தூக்கிப் போட முடியாது. ஆனால் காகிதத்தின் நகல் டாக்டர் கைக்குப் போயிருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அவர் மேல் தப்பு சொல்ல முடியாது.

உள்நோயாளியாகச் சேர்க்கும்போது

கேட்க வேண்டிய முதல் கேள்வி: சட்டத்தின் எந்தப் பிரிவில் சேர்க்கிறீர்கள்? தானாக விரும்பிச் சேர்ந்தவர் 86-ஆம் பிரிவு. அவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டால் விட வேண்டும். நிலைமையைப் பார்க்க 24 மணி நேரம் வரை மட்டும் நிறுத்தி வைக்கலாம். பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் சேர்ப்பது 89-ஆம் பிரிவு. அதற்கு ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும், 30 நாள் வரைதான் வைக்கலாம். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று, அவருக்கு முடிவெடுக்கும் திறன் திரும்பிவிட்டதா என்று ஏழு நாளைக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். திரும்பிவிட்டால் முடிவு மறுபடி அவர் கைக்கு வந்துவிடும். நாள் எண்ணிக்கொண்டு போய்க் கேளுங்கள்: "இந்த வாரம் பார்த்தீங்களா?"

தன் சொந்த உடையை அணிய, கட்டாய மொட்டையை மறுக்க, வேலை செய்தால் கூலி பெற அவருக்கு உரிமை உண்டு. சங்கிலியால் கட்டுவது எந்த வடிவத்திலும் குற்றம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள், காலில் சங்கிலி இருந்ததால் ஓட முடியவில்லை. அவர்களில் யாரிடமாவது, இங்கே இருக்க உனக்குச் சம்மதமா என்று ஒருமுறையாவது யாராவது கேட்டிருப்பார்களா என்று நான் யோசிக்காத நாள் குறைவு.

குறை இருந்தால் முதலில் மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவ அதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள், பிறகு மறுஆய்வு வாரியத்துக்குப் போகலாம். மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவர் தலைமை தாங்கும் அந்த வாரியத்தில் நோயை அனுபவித்தவர்கள் அல்லது பராமரிப்பவர்கள் தரப்பிலிருந்து இரண்டு உறுப்பினர்களுக்கு இடம் உண்டு. இலவச சட்ட உதவியும் கேட்கலாம். நன்றாகத் தேறியவர்கள் அந்த உறுப்பினர் இடத்துக்கு விண்ணப்பிப்பது பற்றியும் யோசியுங்கள்.

இரவு நேரத்தில் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தவித்தால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். பாதிக்கப்பட்டவரே கூப்பிடலாம், அவர் சார்பில் வீட்டார்தான் பேச வேண்டும் என்பதில்லை.

காகிதத்தை எங்கே வைப்பது

பீரோவுக்குள் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தால் அவசரத்துக்குக் கிடைக்காது. நாலு நகல் எடுங்கள். ஒன்று மருத்துவமனை நோட்டோடு சேர்த்துத் தைக்கப்பட வேண்டும், ஒன்று பிரதிநிதியிடம், ஒன்றின் படம் பிரதிநிதியின் போனில். நாலாவது அவரிடமே, அவர் தினமும் கை வைக்கும் இடத்தில் இருக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப் படித்து, மனம் மாறியிருந்தால் மாற்றி எழுதட்டும். அண்ணனுடையது தையல் மெஷின் டிராயரில், பாபின் டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. போன தையில் எடுத்து ஒரு வரி சேர்த்தார்: "நான் ஆஸ்பத்திரியில இருக்கும்போது மெஷினுக்கு எண்ணெய் போடுங்க."